ஸ்டெல்வியோ: ஏறும்போதே இறக்கத்துக்குத் தயாராகுதல்

வட இத்தாலியில், சுவிட்சர்லாந்தின் எல்லையை ஒட்டி, 2757 மீட்டர் உயரத்தில் ஸ்டெல்வியோ கணவாய் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் தார்ச்சாலை கடந்துசெல்லும் கணவாய்களில், பிரான்சின் ஈஸெரான் கணவாய்க்கு அடுத்தபடி உயரமானது இதுதான். இங்கே மிதிவண்டியில் ஏற விரும்புகிறவர்கள் மாதக்கணக்கில் கால்களைப் பழக்குகிறார்கள், எடையைக் குறைக்கிறார்கள், கியர் பற்றி விவாதிக்கிறார்கள். நானும் என் இளைய நண்பர் ஒருவரும் ஜூன் தொடக்கத்தில், சாலை திறக்கப்பட்ட சில நாள்களுக்குள், இருபுறமும் பனி குவிந்திருக்கையில் அங்கே ஏறி இறங்கியபோது உறுதியாக உணர்ந்தது ஒன்று உண்டு: பனிமலைப் பயணத்தில் ஏற்றம் களைப்பைத்தான் தருகிறது, ஆபத்து இருப்பது இறக்கத்தில். ஆகவே எந்த வேகத்தில் ஏறுவது, எதைச் சுமப்பது, எப்போது உண்பது ஆகிய எல்லா முடிவுகளையும் இறக்கத்தை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதே.

நாங்கள் ஏறியது தென் டிரோல் மாநிலத்தின் பிராத்தோ அல்லோ ஸ்டெல்வியோ என்ற சிற்றூரிலிருந்து. மெரானோ நகரிலிருந்து மாலெஸ் வரை ஓடும் சிறு ரயிலில் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்துசேரலாம். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் அந்த ரயிலில் மிதிவண்டியையும் ஏற்றிக்கொள்ள முடியும். ஊர் ஏறத்தாழ 915 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கணவாய் உச்சிக்கு 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏற வேண்டிய உயரம் 1800 மீட்டருக்கும் மேல். சராசரியாகப் பார்த்தால், ஒவ்வொரு 100 மீட்டர் தொலைவுக்கும் ஏழரை மீட்டர் ஏற்றம். வழியில் 48 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எண் பொறித்த கல் நிற்கிறது. கீழே 48 எனத் தொடங்கும் எண்கள் உச்சியில் 1 என முடிகின்றன.

இத்தனை வளைவுகள் இருப்பது நமக்கு நன்மையே. 1820 முதல் 1825 வரை, வட இத்தாலியில் அப்போது தன்வசமிருந்த லொம்பார்டியைத் தன் பிற பகுதிகளோடு இணைப்பதற்காக ஆஸ்திரியப் பேரரசு இந்தச் சாலையைப் போட்டது. கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் அதை வகுத்தார். குதிரை வண்டிகள் ஏற வேண்டிய சாலை என்பதால், செங்குத்தான மலைமுகத்தில் சாலையை மடித்து மடித்து நீட்டிச் சரிவைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். குதிரைக்காகக் கணக்கிட்ட அந்தச் சரிவு மிதிப்பவரின் காலுக்கும் பொருந்துகிறது. திடீரென மூச்சை நிறுத்தும் செங்குத்து இங்கே அரிது; ஒரே சீரில் மணிக்கணக்காக மிதிக்கும் பொறுமை இருந்தால் போதும்.

வாடகைக்கு எடுத்த மிதிவண்டியில் புறப்படுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனித்தோம். முதலாவது கியர். மிதியோடு சுழலும் முன்பல்சக்கரத்தில் 34 பற்கள், பின்பல்சக்கரத்தில் 32 என்றால், நிமிடத்துக்கு 60 முறை மிதிக்கும்போது வண்டி மணிக்கு எட்டு கிலோமீட்டர் செல்லும். அந்த வேகத்தில் உச்சியை அடைய மூன்று மணி நேரம் ஆகும். அதைவிடக் கடினமான கியர் மட்டும் இருந்தால், களைத்த பிறகும் காலை அழுத்தி மிதித்தாக வேண்டியிருக்கும். அதனால் முழங்கால் வலிக்கும், வியர்வையும் பெருகும். இரண்டாவது பிரேக். நம் நாட்டு வண்டிகளில் வழக்கமாக வலக்கை முன்பிரேக்கையும் இடக்கை பின்பிரேக்கையும் பிடிக்கும். இத்தாலியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வாழ்நாள் முழுவதும் பழகிய கை, ஈரச் சாலையில் பதறும் நொடியில் யோசித்துச் செயல்படாது; பழகியபடிதான் பிடிக்கும். எனவே கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, பள்ளத்தாக்கின் சமதளச் சாலையில் அரை மணி நேரம் பிரேக் பிடித்துப் பழகினோம். விரும்பினால் கம்பிகளை மாற்றித் தரும் கடைகளும் உண்டு. கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சாலை திறந்திருக்கிறதா என்பதை மலையடிவாரத்து அறிவிப்புப் பலகையில் பார்க்கலாம். பொதுவாக மே இறுதி அல்லது ஜூன் தொடக்கத்தில் திறந்து, நவம்பர் தொடக்கத்தில் மூடுவார்கள். பனி பொழிந்தால் நடுக்கோடையிலும் அடைப்பதுண்டு. பலகையில் மூடப்பட்டது என்றிருந்தால் வாதத்துக்கு இடமில்லை. மேலே பனிச்சரிவு அபாயம் இருக்கலாம், பனி அகற்றும் வண்டி எதிரே வரலாம்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். முதல் ஏழு கிலோமீட்டர் ஓர் ஓடையை ஒட்டிக் காட்டுக்குள் செல்கிறது. கோமகோய் என்ற சிற்றூரைத் தாண்டிய பிறகே எண்ணிட்ட வளைவுகள் தொடங்குகின்றன. இந்தப் பகுதி எளிதாகத் தோன்றுவதால் பலர் இங்கே வேகமாக மிதிக்கிறார்கள். நாங்கள் மிதமாகவே சென்றோம். முழு வாக்கியம் ஒன்றை மூச்சு இரைக்காமல் பேச முடிகிற வேகம்தான் எங்கள் அளவுகோல். களைப்பைத் தவிர்ப்பது அதற்கு ஒரு காரணம். வியர்வையைத் தவிர்ப்பது அதைவிட முக்கியமான காரணம். வெயில் நாட்டில் வளர்ந்த நமக்கு வியர்வை உடலைக் குளிர்விக்கும் நண்பன். பனிமலையில் உச்சியை அடைந்த பிறகும் அது குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நனைந்த துணி உலர்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை வெளியேற்றும். கீழே குளிர் உறைத்தபோதும் மேற்சட்டையின் ஜிப்பைத் திறந்துவைத்தும் கையுறையைக் கழற்றியும் வியர்வையைக் குறைத்துக்கொண்டோம்.

ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் டிரஃபோய் வருகிறது. 1972 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற குஸ்தாவ் தோனி பிறந்த ஊர் இது. இங்கிருந்து 3905 மீட்டர் உயரமுள்ள ஓர்ட்லர் சிகரமும் அதன் பனியாறுகளும் மரங்களுக்கு மேலே தெரியத் தொடங்குகின்றன. முதல் உலகப்போரில் 1915 முதல் 1918 வரை இத்தாலியப் படைகளும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைகளும் இந்தச் சிகரங்களில் நேருக்கு நேர் நின்று போரிட்டன. அங்கே பனிச்சரிவும் குளிரும் எண்ணற்ற வீரர்களைக் கொன்றன. அந்த மலைமுகத்தைப் பார்த்துக்கொண்டே மிதிக்கும்போது, பையில் இருக்கும் ஒரு கிலோ கம்பளித் துணி சுமையாகத் தோன்றவில்லை.

அந்த ஒரு கிலோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கையுறை, மழைச்சட்டை எல்லாவற்றையும் விடுதியிலேயே விட்டுச்செல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். கணக்கு இதுதான்: மனிதர், வண்டி, சுமை எல்லாம் சேர்ந்து 88 கிலோ என்று கொள்வோம். மூன்று மணி நேரத்தில் 1800 மீட்டர் உயர்த்த வேண்டும் என்றால், புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே தொடர்ந்து ஏறத்தாழ 145 வாட் ஆற்றல் தேவை. இதில் ஒரு கிலோ கூடினால் சுமை நூற்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதாவது மூன்று மணி நேரப் பயணத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்துக்குப் பதிலாக உலர்ந்த உள்சட்டை ஒன்று, காற்று புகாத மேற்சட்டை ஒன்று, முழு விரலையும் மூடும் தடித்த கையுறை ஒரு ஜோடி, தலைக்கவசத்துக்குள் அணியும் மெல்லிய குல்லா, கழுத்துத் துணி, முழங்கால் உறை ஆகிய அனைத்தும் உச்சியில் கையில் இருக்கும். இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

உணவும் அப்படியே. இந்த ஏற்றத்துக்கு உடல் ஏறத்தாழ 1800 கிலோகலோரி செலவிடும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உண்டாலும் மூன்று மணி நேரத்தில் அதில் பாதியைக்கூட ஈடுகட்ட முடியாது. ஆகையால் பசி எடுக்கும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒருமுறை சிறிது உண்டோம். குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் வறண்ட மலைக்காற்றில் மூச்சின் வழியே நீர் வெளியேறிக்கொண்டேயிருக்கும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக் குடித்தோம். உச்சியில் கொஞ்சம் இனிப்பு மீதமிருக்க வேண்டும். ஏனெனில் உடல் நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவும் எரிபொருள் தேவை.

சாலையின் வலப்புறம் செல்லும் நாடு என்பதால், வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் ஏறுகிறவர் உள்விளிம்பில் இருப்பார். அங்கே சரிவு மிகக் கடுமை. இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் வெளிவிளிம்பு கிடைக்கும்; அங்கே சில மிதிகளுக்கு மூச்சு வாங்கலாம். இந்த மாறுதலையே ஒரு தாளமாக ஆக்கிக்கொண்டோம்: உள்வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பது, வெளிவளைவில் ஒரு வாய் நீர் குடிப்பது. களைத்திருக்கும்போது நம் உடல் தன்னையறியாமல் இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிள்கள் மிகுதியாக வரும் சாலை இது.

22ஆம் எண் வளைவில், 2188 மீட்டர் உயரத்தில், ஃபிரான்ஸென்ஸ்ஹோஹே என்ற பழைய விடுதிக் கட்டடம் இருக்கிறது. மரங்கள் இங்கே முடிந்துவிடுகின்றன. எதிரே மலைமுகம் முழுவதும் திறந்து, மீதமுள்ள ஏழு கிலோமீட்டர் சாலையும் கற்சுவர்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதுபோல் தெரிகிறது. மேலே எறும்பளவில் நகரும் வண்டிகளைப் பார்த்து மனம் சோர்வது இயல்பு. நாங்கள் அங்கே உச்சியைப் பார்ப்பதை நிறுத்தி, அடுத்த எண் கல்லை மட்டும் இலக்காக வைத்துக்கொண்டோம். அதைவிட முக்கியமாக, அந்த இடத்தில் நின்று ஒரு முடிவெடுத்தோம். வானத்தைப் பார்த்தோம்; நேரத்தைப் பார்த்தோம்; இருவரின் விரல்களையும் சோதித்தோம். மேகம் கவிந்திருந்தாலோ, ஒருவருக்கேனும் தலைவலியோ குமட்டலோ இருந்தாலோ, அங்கிருந்தே திரும்புவது என்று முந்தைய இரவே பேசி வைத்திருந்தோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்த பிறகு திரும்ப யாருக்கும் மனம் வராது. ஆகவே திரும்பும் இடத்தையும் அதற்கான காரணங்களையும் புறப்படுவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

வானம் தெளிவாக இருந்தது, தொடர்ந்தோம். பத்தாம் எண் கல்லை நெருங்கும்போது பனி சாலையோரத்துக்கு வந்துவிட்டது. இயந்திரத்தால் வெட்டப்பட்ட பனிச்சுவர்கள் சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலாக நின்றன. அவற்றின் அடியிலிருந்து கசியும் நீர் சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பகலில் நீராக இருக்கும் அந்த ஓடை அதிகாலையிலும் மாலையிலும் கண்ணாடிப் பனியாக உறைந்துவிடும். நண்பகலுக்கு முன் உச்சியை அடைந்து, வெயில் இருக்கும்போதே இறங்கிவிட நாங்கள் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. கீழே எளிதாக வந்த வேகத்துக்கு இங்கே மூச்சு போதவில்லை. வேகத்தைக் குறைத்து மூச்சைச் சீராக வைத்துக்கொள்வதைத் தவிர வேறு உத்தி இல்லை. கடைசி வளைவில் நண்பர் திரும்பிப் பார்த்து, "அண்ணா, நாம் ஏறி வந்த சாலையா அது?" என்று கேட்டார். கீழே வளைவுகள் அத்தனையும் வெயிலில் தெரிந்தன. இருவருக்கும் கண் கலங்கியது. அந்தப் பார்வைக்காகவே மீண்டும் ஒருமுறை போகலாம்.

உச்சியில் கடைகள், விடுதிகள், தின்பண்ட வண்டிகள், படமெடுக்கும் கூட்டம் எல்லாம் உண்டு. வெப்பநிலை மூன்று டிகிரி. அந்தக் கணத்தில் நமக்கு அது தெரிவதில்லை, ஏனெனில் உடல் ஓர் உலைபோல் எரிந்துகொண்டிருக்கிறது. 150 வாட் அளவில் மிதிக்கும் உடல் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேலான ஆற்றலை வெப்பமாக வெளியிடுகிறது. மிதிப்பதை நிறுத்திய சில நிமிடங்களில் அந்த வெப்பம் அடங்கிவிடும்; இறக்கத்தில் கால்கள் அசையாததால் மீண்டும் பிறக்காது. அதற்கு மேல் காற்று: மூன்று டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது, வெற்றுத்தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரி போல் உறைக்கும். எனவே உச்சியை அடைந்தவுடன் முதல் வேலை உடை மாற்றுவது. காற்று படாத சுவரோரம் ஒதுங்கி, ஈர உள்சட்டையைக் கழற்றி, உலர்ந்ததை அணிந்து, அதன்மேல் எல்லாவற்றையும் போட்ட பிறகே படம் எடுத்தோம். மார்புக்கும் சட்டைக்கும் நடுவே செய்தித்தாளைச் செருகிக்கொள்வது ஐரோப்பியப் பந்தய வீரர்களின் பழைய வழக்கம். அதையும் செய்தோம், நன்றாகவே பயன்பட்டது.

மிதிவண்டிப் பந்தய வரலாறும் இதையே சொல்கிறது. 1953இல் இத்தாலியைச் சுற்றிவரும் ஜீரோ தித்தாலியா பந்தயம் முதன்முறையாக ஸ்டெல்வியோவைக் கடந்தபோது, ஃபௌஸ்தோ கொப்பி இந்த ஏற்றத்தில் ஹுகோ கொப்லெட்டைப் பின்தள்ளிப் பட்டத்தை வென்றார். அது ஏற்றத்தின் கதை. 1988 ஜூன் 5 அன்று, அருகிலுள்ள காவியா கணவாயைப் பனிப்பொழிவில் கடந்த அதே பந்தயத்தின் கதை வேறு. அன்று ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணி பனிச்சறுக்குக் கடையில் வாங்கிய தடித்த கையுறைகளையும் குளிர் உடைகளையும் தன் வீரர்களுக்குத் தந்தது. மலையடிவாரத்து ஊரான பொர்மியோவை நோக்கிய இறக்கத்தில் பலர் குளிரில் செயலற்றுப்போக, ஹாம்ப்ஸ்டன் முன்னிலையில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையைக் கைப்பற்றி, அந்தப் பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார்.

நாங்கள் வந்த வழியே திரும்பாமல், பொர்மியோ பக்கம் மூன்று கிலோமீட்டர் இறங்கி, 2501 மீட்டர் உயரமுள்ள உம்பிரைல் கணவாய் வழியாகச் சுவிட்சர்லாந்தின் சாண்டா மரியா ஊருக்கு இறங்கினோம். ஷெங்கன் விசா இரு நாடுகளுக்கும் செல்லும். ஆனாலும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான தொலைபேசித் திட்டம் சுவிட்சர்லாந்தில் செல்லாமல் போகலாம் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தோம். பொர்மியோ வரை இறங்குகிறவர்களுக்கு வழியில் சுரங்கங்கள் உண்டு; இத்தாலியில் சுரங்கத்துக்குள் மிதிவண்டி ஓட்டுகிறவர் ஒளி பிரதிபலிக்கும் மேலுடை அணிந்திருக்க வேண்டும், விளக்கும் எரிய வேண்டும்.

ஏற்றத்தில் சேர்த்த ஆற்றல் முழுவதையும் காற்றும் பிரேக்கும்தான் கரைக்க வேண்டும். தொடர்ந்து இலேசாக அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம்மும் டிஸ்க்கும் கடுமையாகச் சூடேறும். வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே, இரு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுவதே சரி. இடையில் உலோகம் ஆற நேரம் கிடைக்கும். பார்வை அடுத்த வளைவின் வெளிவாயிலில் இருக்க வேண்டும். பனிநீர் ஓடும் இடங்களில் வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல், நேராகக் கடந்தோம்.

உம்பிரைலுக்குக் கீழே பாதி வழியில் நண்பர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "அண்ணா, விரல் இருப்பதே தெரியவில்லை." கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொடச் சொன்னேன், அவரால் முடியவில்லை. அந்தக் கையால் அடுத்த வளைவில் பிரேக் பிடிக்க முடியாது. வண்டிகளைச் சாலைக்கு வெளியே சாய்த்துவிட்டு, அவர் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொள்ள, இருவரும் பத்து நிமிடம் வேகமாக மேலும் கீழும் நடந்தோம். மீதமிருந்த இனிப்பைத் தின்னக் கொடுத்தேன். உணர்ச்சி திரும்பும்போது விரல்கள் கடுமையாக வலித்தன. அந்த வலி இரத்தம் திரும்புவதன் அறிகுறி. கைகளைத் தேய்ப்பதோ கொதிநீரில் வைப்பதோ கூடாது, மிதமான வெப்பமே நல்லது. அதன்பின் ஒவ்வொரு சில வளைவுக்கும் நின்று அதே சோதனையைச் செய்தோம். நடுக்கம் அடங்காமல், பேச்சுக் குழறவும் கால் தடுமாறவும் தொடங்கினால் உடலின் உள்வெப்பமே குறைகிறது என்று பொருள். அப்போது இறங்குவதை நிறுத்தி, ஏதேனும் வாகனத்தை மறிக்கவோ 112 என்ற அவசர எண்ணை அழைக்கவோ தயங்கக் கூடாது.

சாண்டா மரியாவில் வெயில் சுட்டது. அங்கிருந்து முஸ்டேர் ஊரின் பழமையான மடாலயத்தையும், மதில் சூழ்ந்த சின்னஞ்சிறு குளோரென்சா நகரையும் கடந்து பிராத்தோவுக்கு இதமான இறக்கம்.

பனிச்சுவர்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜூன் முதல் பாதியில் செல்லலாம். வார இறுதிகளைத் தவிர்த்தால் வாகன நெரிசல் குறையும். மோட்டார் வாகனங்களே கூடாது என்பவர்கள், கோடையின் முடிவில் ஒரு நாள் மிதிவண்டிகளுக்கு மட்டும் சாலையைத் திறந்துவிடும் நிகழ்ச்சியின் தேதியைப் பார்த்துத் திட்டமிடலாம். அப்போது பனி குறைவாகவே இருக்கும். ஆயினும் அந்த உயரத்தில் ஆகஸ்டிலும் பனி பொழிவதுண்டு என்பதால், தடித்த கையுறையும் உலர்ந்த உள்சட்டையும் அன்றைய பையிலும் இருக்கட்டும்.